அந்த ஒரே ஒரு கோப்பை... ஹாரி பாட்டர் உலகின் 'டெரர்' கேப்டன் ஆலிவர் வுட்டை உங்களுக்கு நினைவிருக்கிறதா?

வேலை கொஞ்சம் ஓய்ந்த ஒரு மதியம், எங்கள் டெஸ்க்கில் இந்தப் பேச்சு வந்தது. 'ஹாரி பாட்டர்ல உங்களுக்குப் பிடிச்ச கேரக்டர் யாரு?' ஹெர்மைனி என்றார்கள் மூன்று பேர். ஸ்நேப் என்றார்கள் இரண்டு பேர், அதுவும் கண் கலங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. டிசைன் செய்யும் அண்ணா, "அந்த வெள்ளை ஆந்தை" என்றார். என் முறை வந்தது. "ஆலிவர் வுட்" என்றேன்.

ஒரு சின்ன அமைதி. "யாரு, அந்தத் துடைப்பத்துல பறப்பானே அவனா?"

"அண்ணா, அந்தக் கதையில எல்லாருமே துடைப்பத்துலதான் பறப்பாங்க!"

சரி, அவர்கள் மீது தப்பில்லை. ஏழு புத்தகங்கள், எட்டுப் படங்கள் கொண்ட கதையில் ஆலிவர் வுட்டுக்குக் கிடைப்பது மொத்தமாகச் சேர்த்தால் கொஞ்சம் பக்கங்கள்தான். அவன் மந்திரத்தில் பெரிய கில்லாடி இல்லை. அவனைப் பற்றி எந்தத் தீர்க்கதரிசனமும் இல்லை. அவன் ஒரு ஸ்கூல் டீமின் கேப்டன், அவ்வளவுதான். ஆனால், அந்தக் கதையில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஆள் அவன் ஒருவன்தான் என்று தோன்றும். (இதற்குமேல் கதை ரகசியங்கள் வரிசையாக உடையும். புத்தகம் இன்னும் படிக்காதவர்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்!)

முதலில், கதை தெரியாத அம்மாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்து எழுத்தாளர் ஜே.கே.ரௌலிங் எழுதிய முதல் ஹாரி பாட்டர் புத்தகம் 1997-ல் வந்தது. கதை நடப்பது ஹாக்வார்ட்ஸ் என்ற மாயாஜாலப் பள்ளியில். நம் பள்ளிகளில் ரெட் ஹவுஸ், ப்ளூ ஹவுஸ் என்று பிரிப்பார்கள் இல்லையா, அதுபோல அங்கே கிரிஃபிண்டார், ஸ்லிதரின், ஹஃபிள்பஃப், ராவென்கிளா என நான்கு ஹவுஸ்கள். இவற்றுக்குள் நடக்கும் விளையாட்டின் பெயர் குவிடிச். துடைப்பத்தில் ஏறிப் பறந்தபடி ஆட வேண்டும்.

ஓர் அணிக்கு ஏழு பேர். மூன்று சேஸர்கள் பந்தை வளையத்துக்குள் எறிந்து கோல் போடுவார்கள். ஒரு கோலுக்கு 10 புள்ளிகள். வளையங்களைக் காப்பவர் கீப்பர். ஆளைத் தேடி வந்து இடிக்கும் இரண்டு முரட்டுப் பந்துகள் உண்டு. அவற்றை மட்டையால் அடித்து விரட்டுபவர்கள் இரண்டு பீட்டர்கள். கடைசியாக, சீக்கர். வாதுமைக்கொட்டை அளவுக்கு ஒரு தங்கப் பந்து சிறகடித்துத் திரியும், அதன் பெயர் ஸ்னிட்ச். சீக்கர் அதைப் பிடித்தால் 150 புள்ளிகள், ஆட்டமும் அத்தோடு முடிந்துவிடும்.

இந்த விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வுட்டின் சோகம் முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. அவன் கேப்டன். அவனே கீப்பர். அணியைச் சேர்ப்பதும், திட்டம் போடுவதும், திட்டுவதும், மழையில் நனைந்தபடி பயிற்சி கொடுப்பதும் அவன். ஆனால், ஜெயிப்பது பெரும்பாலும் சீக்கரின் கையில். கிரிக்கெட்டில் நீங்கள் நாள் முழுக்க உயிரைக் கொடுத்து ஆடுகிறீர்கள், மைதானத்தின் மறுமூலையில் ஒரு பையன் பட்டாம்பூச்சியைப் பிடித்துவிட்டால் உங்கள் ஸ்கோர் செல்லாது என்றால் எப்படி இருக்கும்? அந்த விளையாட்டின் மீது வாசகர்கள் வைக்கிற பெரிய குறையே இதுதான். குறை சரியானதுதான். ஆனால், அந்தக் குறையான விதிக்குள்ளேதான் ஒரு கேப்டன் ஏழு வருடங்களைச் செலவழித்தான்.

வுட் கதைக்குள் வரும் விதமே வேடிக்கையானது. ஹாரி முதல் வருடம், ஆசிரியர் சொன்னதை மீறித் துடைப்பத்தில் பறந்து மாட்டிக்கொள்வான். பேராசிரியர் மெக்கோனகல் அவனை விறுவிறுவென அழைத்துப்போய் ஒரு வகுப்பு வாசலில் நின்று, உள்ளே இருக்கும் ஆசிரியரிடம் 'வுட்' வேண்டும் என்று கேட்பார். 'வுட்' என்றால் மரம், கட்டை. நம்மை அடிக்கப் பிரம்பு கேட்கிறார் போல என்று ஹாரி நடுங்குவான். வெளியே வருவது ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு வாட்டசாட்டமான பையன். சீக்கர் கிடைத்துவிட்டான் என்று மெக்கோனகல் சொன்னதும் அவன் முகம் பல்ப் எரிந்த மாதிரி ஆகிவிடும். ஹாரியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பான். உடம்பு லேசாக, வேகமாக இருக்கிறது, சீக்கருக்கு ஏற்ற உடம்பு என்று கணக்குப் போடுவான். தலையில் தழும்புள்ள பிரபலம், வோல்டமார்ட்டிடமிருந்து தப்பிய குழந்தை என்பதெல்லாம் அவனுக்கு இரண்டாம்பட்சம். பள்ளியே அந்தத் தழும்பை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவன் பார்த்தது எடையைத்தான்.

எனக்கு இவனைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அப்புறம் ஆரம்பிக்கிறது பயிற்சி. வாரத்துக்கு மூன்று நாள். மழை, சேறு, குளிர் எதுவும் கணக்கில்லை. அணியில் இருந்த வீஸ்லி இரட்டையர்கள், இவனுக்கு வெறி பிடித்துவிட்டது என்றே புலம்புவார்கள். இரண்டாம் வருடம் இன்னும் மோசம். கோடை விடுமுறை முழுவதும் யோசித்து ஒரு புதிய பயிற்சித் திட்டத்தைத் தயார் செய்துகொண்டு வருவான். பள்ளி திறந்து முதல் சனிக்கிழமை, பொழுது விடிவதற்குள் ஹாரியை உலுக்கி எழுப்புவான். தூக்கக் கலக்கத்தில் வந்து உட்கார்ந்த அணியினர் முன்னால் மைதானத்தின் பெரிய படம். கலர் கலராகக் கோடுகள், அம்புக்குறிகள். முதல் படத்தை விளக்கவே கிட்டத்தட்ட 20 நிமிடங்கள். அதற்கடியில் இரண்டாவது படம். அதற்கும் கீழே மூன்றாவது! ஃபிரெட் பக்கத்தில் இருந்த அலிசியாவின் தோளில் சாய்ந்து குறட்டை விடுவான். எல்லாம் முடிந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனால் வெயில் நன்றாக ஏறியிருக்கும். பயிற்சி முடிந்திருக்கும் என்று நினைத்து நண்பர்கள் வந்து கேட்பார்கள். இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

அலுவலகத்தில் 60 ஸ்லைடு பிபிடி போடும் மேனேஜர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்சிதான் ஞாபகம் வரும்.

மூன்றாம் வருடம் ஒரு மேட்ச்சுக்கு முன்னால், இரண்டு வகுப்புகளுக்கு இடையே கிடைக்கிற இடைவெளியில் எல்லாம் ஓடி வந்து ஹாரிக்கு டிப்ஸ் கொடுப்பான். மூன்றாவது முறை பேசிய பேச்சில் ஹாரி வகுப்புக்கு 10 நிமிடங்கள் லேட். போய்ப் பார்த்தால், அன்றைக்குப் பாடம் எடுக்க வந்திருப்பது ஸ்நேப். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இவையெல்லாம் சிரிக்கவைக்க எழுதப்பட்ட காட்சிகள்தான். நானும் சிரித்தேன். ஆனால், மொத்தப் புத்தகங்களையும் இரண்டாவது முறை படித்தபோது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. வுட்டிடமிருந்து அந்தக் கோப்பையை ஒவ்வொரு வருடமும் பறித்தது யார் தெரியுமா? ஸ்லிதரின் அணி இல்லை. ஹாரியின் கதைதான்.

கணக்குப் பாருங்கள். முதல் வருடம், கடைசி மேட்ச் வரை எல்லாம் நன்றாகப் போகிறது. அதற்கு முன்னால் ஹாரி பாதாள அறைக்குள் போய் வில்லனோடு மோதி, மயங்கி, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறான். சீக்கர் இல்லாத கிரிஃபிண்டாரை ராவென்கிளா நசுக்கித் தள்ளிவிடுகிறது. வாசகர்களான நமக்கு அது ஒரு செய்தியே இல்லை. ஹாரி பிழைத்தானே, அது போதும் நமக்கு. ரான் வந்து ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவான், நாமும் ஒரு நொடியில் தாண்டிவிடுவோம். அந்த மேட்ச்சில் வளையத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த வுட்டின் முகத்தை யாரும் எழுதவில்லை.

இரண்டாம் வருடம் அதைவிடக் கொடுமை. பள்ளிக்குள் ஒரு ராட்சதப் பாம்பு உலவுகிறது, மாணவர்கள் கல்லாகச் சமைகிறார்கள். ஹஃபிள்பஃப்புடன் மேட்ச். அணிகள் மைதானத்துக்கு வந்துவிட்டன. பந்துகளை விடப்போகிற நேரம். மெக்கோனகல் ஒலிபெருக்கியோடு ஓடி வந்து மேட்ச் ரத்து என்று அறிவிக்கிறார். இன்னும் இரண்டு பேர் தாக்கப்பட்டிருக்கிறார்கள், அதில் ஒருத்தி ஹெர்மைனி. வுட் தரையிறங்கியவன், துடைப்பத்திலிருந்து காலைக்கூட எடுக்காமல் அப்படியே மெக்கோனகலை நோக்கி ஓடுவான். ஆடியே ஆக வேண்டும், கோப்பை, கிரிஃபிண்டார் என்று வார்த்தைகள் முழுதாக வராமல் கெஞ்சுவான். அவர் அவனைக் கண்டுகொள்ளவே மாட்டார். கதையும் கண்டுகொள்ளாது. ஹாரியோடு சேர்ந்து நாமும் ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய்விடுவோம்.

வுட் என்ன ஆனான்?

இந்த இடத்தை எனக்கு வேறு மாதிரி படிக்கக் கற்றுக்கொடுத்தது என் சித்தி பையன். அவன் 2020-21 கல்வி ஆண்டில் பிளஸ் டூ. ஸ்கூல் கபடி டீம் கேப்டன். பத்தாவது படிக்கும்போதே சீனியர் டீமில் ரெய்டு போனவன். 'பிளஸ் டூ வரட்டும், நம்ம வருஷம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அதன்பிறகு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் அவனுக்கு எந்தப் போட்டியும் இல்லை. கடைசியில் பிளஸ் டூ பொதுத்தேர்வையே ரத்து செய்தார்கள். 'எக்ஸாம் இல்ல, ஜாலிதானடா' என்று எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள். அவன் மொட்டை மாடியில் தனியாக நின்று, தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, யாருமே இல்லாத எதிரணிக்குள் ரெய்டு போய்க்கொண்டிருப்பான். ஒரு நாள் சித்தியிடம், "டோர்னமென்ட் தள்ளி வெப்பாங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறான். அந்த வாரம்தான் எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் சாவு. "ஊர்ல உசுரு போயிட்டு இருக்கு, உனக்குக் கபடி கேக்குதாடா?" என்று சித்தி கத்திவிட்டார். அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சித்தி சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றும் இல்லை. மெக்கோனகல் செய்ததிலும் தப்பில்லை. ஒரு பெண் கல்லாகிக் கிடக்கும்போது மேட்ச் நடத்த முடியாது. ஆனால், பெரிய துக்கத்துக்குப் பக்கத்தில் சின்ன துக்கம் வந்து நின்றால் அதை எங்கே போய் இறக்கிவைப்பது? துக்கப்படுவதற்கே உரிமை இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது. வுட் அந்த வருடம் ஆறாம் ஆண்டு. அவனுக்கு இன்னும் ஒரு வருடம் மீதி இருந்தது. என் தம்பிக்கு அது இல்லை.

இவ்வளவு சொல்கிறேனே என்று வுட்டை நல்லவன், வல்லவன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். அவனிடம் என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாத ஒரு பக்கமும் உண்டு. ஸ்லிதரினுக்கு எதிரான மேட்ச்சுக்கு முன்னால், 12 வயது ஹாரியிடம், மால்ஃபாய்க்கு முன்னால் ஸ்னிட்சைப் பிடி, இல்லையென்றால் அந்த முயற்சியில் செத்துப்போ என்கிற மாதிரி சொல்வான். அந்த மேட்ச்சில் ஒரு முரட்டுப் பந்து ஹாரியை மட்டும் குறிவைத்துத் துரத்தும். ஹாரி, பாதுகாப்பே வேண்டாம், நான் ஸ்னிட்சைப் பிடிக்கிறேன் என்று கிளம்பிவிடுவான். கையும் உடையும். இதெல்லாம் உன்னால்தான், ஒரு பையனிடம் போய் அப்படியா சொல்வது என்று ஜார்ஜ் வீஸ்லி கேப்டனிடம் நேருக்கு நேராகவே சீறுவான்.

மூன்றாம் வருடம் ஹாரிக்கு ஃபயர்போல்ட் என்ற விலை உயர்ந்த துடைப்பம் பரிசாக வரும். யார் அனுப்பியது என்றே தெரியாது. கொலைகாரன் என்று தேடப்படும் சிரியஸ் பிளாக்கின் வேலையாக இருக்குமோ என்று சந்தேகம். சூனியம் ஏதாவது வைத்திருக்கிறதா என்று பார்க்க மெக்கோனகல் அதை வாங்கி வைத்துக்கொள்வார். வுட் போய் அவரிடம் வாதாடுவான். திரும்பி வந்து, 'மேடம் கோபப்பட்டுட்டாங்க' என்று அப்பாவியாகச் சொல்வான். அவன் அங்கே சொன்னது என்ன தெரியுமா? ஹாரி முதலில் ஸ்னிட்சைப் பிடித்துவிட்டால் போதும், அதற்கப்புறம் துடைப்பம் அவனைத் தூக்கி எறிந்தாலும் பரவாயில்லை!

பள்ளியில் படிக்கும்போது இதை ஜோக்காகப் படித்தேன். இப்போது விளையாட்டுச் செய்திகளும் எழுதுகிறேன். காயத்தை மறைத்து ஆடிய பெண்கள், வலிக்கிறது என்று சொல்லப் பயந்த பையன்கள் என்று எத்தனையோ கதைகள் டெஸ்க்குக்கு வருகின்றன. 'ஜெயிச்சா போதும்' என்று ஒரு பெரியவர் சொல்லும்போது அதைச் சின்னப்பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறார்கள். வுட்டே அப்போது 16, 17 வயதுப் பையன்தான் என்பது ஒரு சமாதானம். முழுச் சமாதானம் இல்லை. அவனுக்குப் பக்கத்தில் ஒரு கோச் இல்லை, பி.இ.டி. மாஸ்டர் மாதிரி ஒருவர் கூட நின்று 'போதும்ப்பா' என்று சொல்லவில்லை. மேடம் ஹூச் நடுவராக இருப்பார், மெக்கோனகல் ஹவுஸ் தலைவி. கோப்பை விஷயத்தில் அவருக்கே உள்ளூர வெறி உண்டு! ஆகவே, அணியின் மொத்தச் சுமையும் ஒரு மாணவன் தலையில்.

மூன்றாம் புத்தகத்தில் வுட்டுக்குக் கடைசி வருடம். சீசன் தொடங்கும் முன் அணியைக் கூட்டிவைத்துப் பேசுவான். இதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு என்பான். அருமையான சேஸர்கள், வெல்ல முடியாத பீட்டர்கள், தோற்றதே இல்லாத சீக்கர் என்று எல்லோரையும் பட்டியல் போடுவான். கடைசியில், ஏதோ மறந்துபோனதைச் சேர்ப்பது மாதிரி, தன்னையும் சேர்த்துக்கொள்வான். அணியில் இருந்தவர்கள் அவசரமாக அவனையும் நல்ல ஆட்டக்காரன்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த சீசனின் முதல் மேட்ச்சே தோல்வி. புயல் மழையில் ஆடும்போது டிமென்டர்கள் எனும் பிசாசுகள் மைதானத்துக்குள் வந்துவிட, ஹாரி மயங்கி அத்தனை உயரத்திலிருந்து விழுகிறான். அதே சமயத்தில் ஹஃபிள்பஃப் கேப்டன் செட்ரிக் டிகரி ஸ்னிட்சைப் பிடித்துவிடுகிறான். ஹாரியின் கதை மறுபடியும் வந்து வுட்டின் மேட்ச்சுக்குள் விழுந்த கதைதான். திரும்பிப் பார்த்து ஹாரி விழுந்ததை அறிந்த செட்ரிக், இது செல்லாது, மறுபடி ஆடலாம் என்று கேட்பான். அது செட்ரிக்கின் பெருந்தன்மை. ஆனால், நான் வுட்டைப் பார்த்து வியந்தது அங்கேதான். கோப்பைக்காக எதையும் செய்வான் என்று நாம் நம்பிய அந்த வெறியன், அவர்கள் நியாயமாகத்தான் ஜெயித்தார்கள் என்று ஒப்புக்கொண்டுவிடுவான். மறு ஆட்டம் அவனுக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! ஒப்புக்கொண்டுவிட்டு, குளியலறைக்குள் போனவன் வெளியே வரவே இல்லை. ஷவரில் மூழ்கிச் சாகப் பார்க்கிறான் போல என்று நண்பர்கள் ஜோக் அடிப்பார்கள். அப்புறம் ஹாரியைப் பார்க்க வந்து, உன்மேல் எனக்குக் கோபமில்லை என்று உயிரே இல்லாத குரலில் சொல்லிவிட்டுப் போவான்.

அதன்பிறகு ராவென்கிளாவை ஜெயிக்கிறார்கள். கடைசி மேட்ச் ஸ்லிதரினுடன். இங்கேதான் கணக்கு. தொடரில் ஸ்லிதரின் மிகச் சரியாக 200 புள்ளிகள் முன்னால் இருக்கிறது. கோப்பை வேண்டுமென்றால் 200-க்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ஸ்னிட்சுக்கு 150. ஆக, கிரிஃபிண்டார் 50 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை பெற்ற பிறகுதான் ஹாரி ஸ்னிட்சைத் தொடலாம். அதற்கு முன்னால் பிடித்தால் மேட்ச்சில் ஜெயிக்கலாம், கோப்பை போய்விடும். வுட் இதை ஹாரியிடம் எத்தனை முறை சொல்லியிருப்பான் என்று கணக்கே இல்லை. ஹாரியே கடைசியில் கத்திவிடுவான்.

மேட்ச் அன்று காலை உணவு மேசையில் எல்லோரையும் சாப்பிடு, சாப்பிடு என்று நச்சரித்துவிட்டு அவன் ஒரு வாய்கூடச் சாப்பிட மாட்டான். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணின் அப்பாக்கள் இப்படித்தான் பந்தியில் நடந்துகொண்டிருப்பார்கள்.

ஆட்டம் படுமோசமாக, முரட்டுத்தனமாக நடக்கும். ஸ்லிதரின் பீட்டர்கள் இருவரும் அடித்த பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வுட்டின் வயிற்றைத் தாக்கும். துடைப்பத்தைப் பிடித்தபடி மூச்சுத் திணறிச் சுருண்டு போவான். ஆனாலும் ஆடுவான். ஒரு பெனால்டியையும் தடுத்திருப்பான். 80-க்கு 20 என்று இருக்கும்போது ஹாரி பாய்ந்து ஸ்னிட்சைப் பிடிக்கிறான். 230-க்கு 20. வித்தியாசம் 210.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். புத்தகம் இதைச் சொல்லிக்காட்டுவதில்லை, நாமே கணக்குப் போட்டால்தான் தெரியும். 210 என்பது தேவையைவிட வெறும் 10 அதிகம். ஒரே ஒரு கோல். ஸ்லிதரினுக்கு இன்னும் ஒரு பந்து வளையத்துக்குள் போயிருந்தால் வித்தியாசம் 200 ஆகி, இரு அணிகளும் சமமாக நின்றிருக்கும். எல்லோரும் ஹாரியைத்தான் தோளில் தூக்கினார்கள். அந்த ஒரு கோலைத் தடுத்தது, பட்டியலில் தன் பெயரைக் கடைசியில் சேர்த்த கீப்பர்.

டம்பிள்டோர் கோப்பையைக் கொடுக்கிறார். வுட் விம்மி விம்மி அழுகிறான். அழுதபடியே அதை ஹாரியிடம் கொடுத்துவிடுகிறான். ஏழு வருடங்கள் காத்திருந்த கோப்பை அவன் கையில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்த வருடம் ஹாக்வார்ட்ஸில் முப்பள்ளிப் போட்டி நடக்கிறது. அதற்காக ஹவுஸ்களுக்கு இடையிலான குவிடிச்சையே ரத்து செய்துவிடுகிறார்கள். வுட் ஒரு வயது இளையவனாகப் பிறந்திருந்தால் அவன் கடைசி வருடமும் என் தம்பியின் கடைசி வருடம் மாதிரியே போயிருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை, படங்களை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த வெற்றியே தெரியாது! 2001, 2002-ல் வந்த முதல் இரண்டு படங்களில் ஷான் பிக்கர்ஸ்டாஃப் என்ற ஸ்காட்லாந்து நடிகர் வுட்டாக வருவார். 2004-ல் வந்த மூன்றாவது படத்தில் வுட் இல்லவே இல்லை. புயல் மழையில் ஹாரி விழும் மேட்ச் இருக்கிறது, கோப்பை வென்ற மேட்ச் இல்லை. இரண்டரை மணி நேரப் படத்தில் எதையாவது வெட்டத்தான் வேண்டும், கதைக்கு அவசியமில்லாததை வெட்டுவார்கள். ஒரு பையனின் வாழ்நாள் வெற்றி, கதைக்கு அவசியமில்லாத காட்சி. டிவியில் அந்தப் படம் ஓடும்போதெல்லாம் நான் வீட்டில் இதைச் சொல்லிப் புலம்புவேன். அம்மா ரிமோட்டை எடுத்து சவுண்டைக் கூட்டுவார்.

பள்ளி முடித்த வுட்டை நான்காம் புத்தகத்தில், குவிடிச் உலகக் கோப்பை நடக்கும் இடத்தில் ஒரு நிமிடம் பார்க்கலாம். ஹாரியைப் பார்த்ததும் இழுத்துக்கொண்டு போய்த் தன் அப்பா அம்மாவிடம் அறிமுகப்படுத்துவான். படில்மியர் யுனைடெட் அணியில் எடுத்துவிட்டார்கள் என்று துள்ளுவான். ரிசர்வ் டீமில்தான். மெயின் டீம் இல்லை. ஆனால், அவன் சந்தோஷத்தில் அதனால் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. கேப்டனாக இருந்தவன், பெஞ்சில் உட்காரக் கிடைத்த இடத்துக்கு இப்படிக் குதிக்கிறான் என்றால், அவனுக்குப் பதவி மேல் ஆசை இருந்ததில்லை என்றுதானே அர்த்தம்?

அவன் போன பிறகு ஆஞ்சலினா ஜான்சன் கேப்டன் ஆகிறாள். அவளும் அதே மாதிரி கத்த ஆரம்பிப்பாள். வுட்டின் ஆவி புகுந்துவிட்டதோ என்று ஹாரியே சொல்லும் அளவுக்கு. ஆறாம் வருடம் ஹாரிக்கே அந்த பேட்ஜ் வருகிறது. கேப்டன் வேலை எவ்வளவு தலைவலி என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. இரண்டாம் புத்தகத்தில் அந்த சனிக்கிழமைக் காலைப் பயிற்சியைச் சொன்னேன் அல்லவா? அன்றைக்கு மைதானத்தில் ஒரு பொடியன் உட்கார்ந்திருப்பான். காலின் கிரீவி. முதல் வருடம். அப்பா பால்காரர், மந்திரத்துக்கும் அவன் வீட்டுக்கும் சம்பந்தமே இல்லை. கையில் கேமராவோடு ஹாரியின் பின்னாலேயே சுற்றுகிறவன். அவன் பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருப்பான். வுட்டுக்குச் சந்தேகம் வந்துவிடும். யார் இவன், எதற்குப் படம் எடுக்கிறான், நம் புதிய பயிற்சித் திட்டத்தைத் திருட வந்த ஸ்லிதரின் உளவாளியாக இருக்குமோ என்று கடுகடுப்பான். இல்லை, அவன் நம் ஹவுஸ் பையன்தான் என்று ஹாரி சொல்ல வேண்டியிருக்கும்.

ஏழாம் புத்தகத்தில் ஹாக்வார்ட்ஸில் போர் வருகிறது. பழைய மாணவர்களுக்குத் தகவல் போகிறது. வந்தவர்களில் வுட்டும் உண்டு. சண்டை நடுவில் ஓய்ந்திருக்கும் ஒரு மணி நேரம். இறந்தவர்களை மைதானத்திலிருந்து உள்ளே தூக்கி வருகிறார்கள். நெவிலும் வுட்டும் ஒரு உடலைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது காலின். வயது போதாது என்று வெளியே அனுப்பப்பட்டவன், யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்து சண்டை போட்டிருக்கிறான். மாயப் போர்வைக்குள் மறைந்து காட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் ஹாரி இதைப் பார்ப்பான். இறந்துகிடந்த காலின் ரொம்பச் சின்னப் பையனாகத் தெரிவான். படத்தில் இந்தக் காட்சியும் இல்லை.

வாசலுக்கு வந்ததும் வுட் நெவிலிடம், இவனை நான் ஒருவனாகவே தூக்கிக்கொள்கிறேன் என்பான். பயிற்சித் திட்டத்தைத் திருட வந்தவனோ என்று அன்றைக்கு முறைத்துப் பார்த்த அந்தப் பொடியனைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே பெரிய மண்டபத்துக்கு நடந்து போவான்.